‘தங்கல்’ மகாவீர் நல்ல அப்பாவா? ரசிகர்கள் ஏன் இன்னும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்?

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் அவ்வப்போது ஒரு கிளிப் வரும். இருட்டு விலகாத நேரத்தில் இரண்டு சின்னப் பெண்கள் மூச்சு வாங்க ஓடுகிறார்கள், பின்னால் அப்பா. "அப்பான்னா இப்படி இருக்கணும்" என்று ஒரு மாமா எழுதுவார். அந்த வீட்டில் வேலைக்குப் போகும் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு டார்ச்சர்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். சில வீடுகளில் சத்தமாகவே சொல்வாள்.

அந்தப் படம் ‘தங்கல்’. நிதேஷ் திவாரி இயக்கத்தில் ஆமிர் கான் நடித்து, 2016 டிசம்பர் 23 அன்று வெளியானது. தமிழில் ‘யுத்தம்’ என்ற பெயரில் டப்பிங் ஆனது. உலகம் முழுக்க ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் வசூல். படம் நன்றாக இருக்கிறதா என்பதில் பெரிய சண்டை இல்லை. சண்டை எல்லாம் அந்த அப்பாவைப் பற்றித்தான். மகாவீர் சிங் போகாட் பெண்களை விடுவித்தவரா, இல்லை தன் கனவை அவர்கள் தலையில் ஏற்றிவைத்தவரா?

இரண்டு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படத்தில் அந்த அப்பா என்னதான் செய்கிறார்?

ஹரியாணாவில் பலாலி என்ற கிராமம். மகாவீர் முன்னாள் மல்யுத்த வீரர். குடும்பத்துக்காக வேலைக்குப் போனதால், நாட்டுக்காகத் தங்கம் வெல்லும் கனவு பாதியில் நின்றுவிடுகிறது. மகன் பிறந்தால் அவன் ஜெயிப்பான் என்று காத்திருக்கிறார். நான்கும் பெண் பிள்ளைகள். பதக்கங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்.

ஒருநாள் மூத்தவள் கீதாவும் அடுத்தவள் பபிதாவும் வம்பு செய்த பையன்களை அடித்துத் துவைத்துவிட்டு வருகிறார்கள். அவருக்குப் பொறி தட்டுகிறது. பையன் வாங்கினாலும் பொண்ணு வாங்கினாலும் தங்கம் தங்கம்தானே என்று யோசிக்கிறார். மனைவியிடம் ஒரே ஒரு வருஷம் கேட்கிறார். அது பலிக்கவில்லை என்றால் கனவையே மறந்துவிடுவதாகச் சொல்கிறார்.

அந்த வருஷத்துக்கு யாருடைய சம்மதமும் வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. விடிகாலை ஓட்டம். புளிப்பும் காரமும் கட். பையன்கள் போடும் அரைக்கால் சட்டை. மண்ணில் புரண்டு தலையெல்லாம் அழுக்காகிறது என்று பிள்ளைகள் முனகினால், ஆளை வரவழைத்து முடியை ஒட்ட வெட்டிவிடுகிறார். பிள்ளைகள் அழுகிறார்கள். சிகரெட் அட்டை எச்சரிக்கையைப் போல, இந்த அப்பா உடம்புக்குக் கெடுதல் என்று அவர்கள் புலம்பும் பாட்டு ஒன்று படத்தில் உண்டு. தியேட்டரில் எல்லோரும் சிரித்த பாட்டு. இப்போது அதைத் தனியாகக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வருவதில்லை.

‘அந்த அப்பா சரி’ என்பவர்கள் சொல்வது

இவர்களின் முதல் வாதம் ஊரைப் பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஹரியாணாவில் 1,000 ஆண்களுக்கு 879 பெண்கள். ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 834 பெண்கள்தான். அதாவது, பல பெண் குழந்தைகள் பிறக்கவே விடப்படவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு அப்பா தன் மகள்களை ஊர் நடுவே பையன்களோடு குஸ்தி போட விட்டதே பெரிய விஷயம் என்கிறார்கள்.

இதற்கு ஆதாரமாக எல்லோரும் சொல்வது கல்யாண வீட்டுக் காட்சி. கீதாவும் பபிதாவும் தோழியின் திருமணத்துக்குத் திருட்டுத்தனமாகப் போய் ஆடிக்கொண்டிருப்பார்கள். அப்பா வந்து நின்றதும் பாட்டு நின்றுபோகும். அவர் போன பிறகு இருவரும் மணப்பெண்ணிடம் தங்கள் குறையைச் சொல்வார்கள். அவளுக்கு வயது 14. முன்பின் பார்க்காத ஒருவனுக்கு வாழ்க்கைப்படப் போகிறவள். உங்க அப்பாவாவது உங்களைப் பிள்ளைகளாக நினைக்கிறாரே என்பதுதான் அவள் சொல்வதன் சாரம். மறுநாள் காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்பே இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள்.

இந்தத் தரப்பின் கேள்வி இதுதான்: ‘சாய்ஸ் கொடுக்கலையே’ என்கிறீர்களே, அந்த ஊரில் சாய்ஸ் எங்கே இருந்தது? ஒரு பக்கம் அடுப்படி, இன்னொரு பக்கம் மண் களம். மூன்றாவதாக ஒரு கதவு திறந்திருக்கவில்லை. சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்துகொண்டு, நம்முடைய அளவுகோலை வைத்து பலாலியை அளக்கக் கூடாது.

வலுவான வாதம். சும்மா தள்ளிவிட முடியாது.

‘இது பாசமே இல்லை’ என்பவர்கள் சொல்வது

இவர்கள் அந்தக் கல்யாணக் காட்சியையே வேறு விதமாகப் பார்க்கிறார்கள். குழந்தைத் திருமணத்தைப் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் எந்த அப்பாவும் நல்லவராகத்தான் தெரிவார். ஒப்பிடுவதற்கு மிக மோசமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘பார், இது பரவாயில்லை’ என்று சொல்வது திரைக்கதையின் சாமர்த்தியம், அது நியாயமாகிவிடாது என்கிறார்கள்.

இரண்டாவது, அந்த அம்மா. சாக்ஷி தன்வர் நடித்த தயா பாத்திரம், சமையலறை வாசலில் நின்று கவலைப்படுவதைத் தாண்டி எதையும் தீர்மானிப்பதில்லை. பெண் விடுதலைப் படம் என்று சொல்லப்படும் ஒன்றில், வீட்டில் இருக்கும் வளர்ந்த பெண்ணுக்கு வாக்கே இல்லை. முடிவு எடுப்பவர், தவறு செய்பவர், திருந்துபவர், ஜெயிப்பவர் எல்லாம் அப்பாதான்.

மூன்றாவதுதான் முக்கியம். கீதா பாட்டியாலா பயிற்சி மையத்துக்குப் போகிறாள். முதல் முறையாக முடி வளர்க்கிறாள், நகப்பூச்சு போடுகிறாள், தோழிகளோடு சினிமா பார்க்கிறாள். புதுப் பயிற்சியாளரிடம் புது உத்திகள் கற்கிறாள். ஊருக்கு வந்து அப்பாவோடு மோதி, வயதான அவரை மண்ணில் வீழ்த்துகிறாள். பார்க்கவே சங்கடமான, படத்தின் மிகச் சிறந்த காட்சி அது. மகள் முதல் முறையாக ‘உங்க வழி வேற, என் வழி வேற’ என்கிறாள்.

அதற்குப் பிறகு படம் என்ன செய்கிறது? அவளைத் தொடர்ந்து தோற்க வைக்கிறது. கடைசியில் போனில் அழுது மன்னிப்புக் கேட்க வைக்கிறது. வளர்ந்த முடி மறுபடி குட்டையாகிறது. அப்பா சொல்வதைக் கேட்டால் வெற்றி, கேட்காவிட்டால் தோல்வி என்று கணக்கு முடிகிறது. நகப்பூச்சுக்கும் தோல்விக்கும் என்ன சம்பந்தம் என்று இவர்கள் கேட்பதற்குப் படத்தில் பதில் இல்லை.

சீனாவில் ஏன் இவ்வளவு பெரிய வரவேற்பு?

இந்த வாக்குவாதம் இந்தியாவோடு நிற்கவில்லை. 2017 மே 5 அன்று சீனாவில் வெளியான ‘தங்கல்’, அங்கே மட்டும் 1,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. அங்கே வைத்த பெயரே, ‘மல்யுத்தம் செய்வோம், அப்பா’ என்று பொருள் தரும் பெயர். அந்த வருஷம் ஜூன் மாதம் பிரதமர் மோடியைச் சந்தித்தபோது, தானும் படத்தைப் பார்த்ததாக அதிபர் ஷி ஜின்பிங் சொன்னது செய்தியானது.

ஹரியாணா குஸ்தி சீன ரசிகருக்கு எப்படிப் புரிந்தது? அங்கேயும் ஆண் பிள்ளை ஆசை இருந்தது. பல பத்தாண்டுகள் நீடித்த ஒற்றைக் குழந்தைக் கொள்கையால், வீட்டுக் கனவு முழுக்க ஒரே பிள்ளையின் தோளில் ஏறியது. வாழ்க்கையே ஒரு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தொங்கும் நாடு அது. ‘எல்லாம் உன் நல்லதுக்குத்தான்’ என்ற வசனத்துக்கு அங்கே சப்டைட்டில் தேவைப்படவில்லை.

அதனாலேயே அங்கும் ரசிகர்கள் பிரிந்தார்கள். கண்டிப்பான பெற்றோரிடம் வளர்ந்து, இப்போது அவர்களைப் புரிந்துகொள்கிறோம் என்று நெகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம். பிள்ளை வாழ்க்கையை அப்பா எழுதுவதற்குப் பெயர் ஆணாதிக்கம்தான், அதைப் பெண்ணியம் என்று விற்கக் கூடாது என்று கோபப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். நாடு மாறினாலும் கேள்வி மாறவில்லை.

நிஜக் கதையில் படம் எதை மாற்றியது?

ரசிகர் சண்டையில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. படம் உண்மைச் சம்பவத்தில் செய்த மூன்று மாற்றங்களைப் பார்த்தாலே, அந்த அப்பாவைப் பற்றி நாம் என்ன நினைக்க வேண்டும் என்று அது விரும்பியது எனத் தெரிந்துவிடும்.

முதல் மாற்றம், காரணம். படத்தில் மகன் இல்லாத ஏக்கம்தான் தொடக்கம். நிஜ மகாவீருக்கு உந்துதலாகச் சொல்லப்படுவது வேறு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் வெண்கலம் வென்றார் கர்ணம் மல்லேஸ்வரி. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். அவரால் முடியும் என்றால் என் மகள்களால் ஏன் முடியாது என்று மகாவீர் நினைத்தார். அவருடைய குரு சந்த்கி ராமும் தன் மகள்களை மல்யுத்தத்தில் இறக்கியவர். அதாவது, ஒரு பெண்ணின் வெற்றியைப் பார்த்துப் பிறந்த கனவு, படத்தில் மகனுக்குப் பதிலாக மகள் என்று மாறிவிட்டது. ‘அப்பா தன் கனவைத் திணித்தார்’ என்ற குற்றச்சாட்டுக்கு வழி செய்து கொடுத்ததே திரைக்கதைதான்.

இரண்டாவது மாற்றம், பயிற்சியாளர். படத்தில் தேசியப் பயிற்சியாளர் பொறாமை பிடித்தவர், விஷயம் தெரியாதவர். அப்போது நிஜத்தில் பயிற்சியாளராக இருந்த பி.ஆர்.சோந்தி, தன்னை வில்லனாகக் காட்டும்படி இருக்கிறது என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். இந்த வில்லன் எதற்கு? அவர் நல்ல பயிற்சியாளராக இருந்திருந்தால், ‘அப்பாவை விட இன்னொருவருக்கு நன்றாகத் தெரியும்’ என்று மகள் நினைத்தது நியாயமாகிவிடும். அப்புறம் அவள் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

மூன்றாவது மாற்றம், இறுதிப் போட்டி. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 55 கிலோ பிரிவில் கீதா தங்கம் வென்றார். காமன்வெல்த் மல்யுத்தத்தில் இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் தங்கம் அது. ஆனால் அந்த ஃபைனல் படத்தில் வருவதுபோல கடைசி நொடி வரை இழுபறி இல்லை. ஆஸ்திரேலிய வீராங்கனையை கீதா 1–0, 7–0 என்று எளிதாகவே வென்றார். அப்பாவை யாரும் அறையில் பூட்டவும் இல்லை.

இந்த மூன்றாவது கற்பனை மட்டும் வேறு திசையில் போகிறது என்பதுதான் சுவாரசியம். கேலரியில் இருந்து கத்திக்கத்திச் சொல்லிக்கொடுத்த அப்பா, மிக முக்கியமான நேரத்தில் அங்கே இல்லை. கீதா நிமிர்ந்து பார்க்கிறாள், நாற்காலி காலி. சின்ன வயதில் தண்ணீரில் தள்ளிவிட்டு அவர் சொன்னது நினைவுக்கு வருகிறது: ஒவ்வொரு தடவையும் அப்பா வந்து காப்பாற்ற மாட்டேன், சண்டை போடக் கற்றுத்தான் கொடுக்க முடியும். அவள் தனியாக ஜெயிக்கிறாள்.

வில்லன் பயிற்சியாளரை வைத்து ‘அப்பா இல்லாமல் முடியாது’ என்று சொன்ன அதே படம், பூட்டிய கதவை வைத்து ‘அப்பா இல்லாமலும் முடியும்’ என்கிறது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்ததில் ஆச்சரியமே இல்லை. படமே இரண்டு மனதோடுதான் இருக்கிறது.

பதக்கம் வரவில்லை என்றால்?

இப்போது ஒரு சின்னக் கற்பனை. அந்த ஃபைனலில் கீதா தோற்றிருந்தால், மகாவீரை என்ன சொல்லியிருப்போம்? அதே விடிகாலை, அதே முடிவெட்டு, அதே கட்டுப்பாடு. ஆனால் ‘பெண்களின் குழந்தைப் பருவத்தை நாசம் பண்ணிட்டார்’ என்று சொல்லியிருப்போம். படமே எடுத்திருக்க மாட்டார்கள். மகள்களை இப்படி ஓட வைத்து, பதக்கம் எதுவும் வராமல் போன அப்பாக்களின் கதை தியேட்டருக்கு வருவதில்லை. அதனால் ‘கண்டிப்பு இருந்தால் வெற்றி வரும்’ என்ற முடிவை ஜெயித்தவர்களின் கதையை மட்டும் வைத்து எடுக்க முடியாது.

சரி, ஜெயித்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் அப்பாவும் மகாவீர் ரகம்தான். மகனைப் பந்து வீசும் இயந்திரத்தின் முன் நிறுத்தியே வளர்த்தார். அகாசி எட்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றார். 2009-ல் வெளியான சுயசரிதையில், டென்னிஸை வெறுத்துக்கொண்டேதான் ஆடினேன் என்று எழுதினார். கோப்பை அலமாரியில் இருந்தது; வெறுப்பும் கூடவே இருந்தது.

ஆக, பதக்கத்தை வைத்து அப்பாவுக்கு மார்க் போட முடியாது. தோற்றாலும் ஜெயித்தாலும் மாறாத ஓர் அளவுகோல் வேண்டும்.

‘கனா’ அப்பாவோடு ஒப்பிட்டால்?

அந்த அளவுகோலைத் தேட, நம் பக்கத்துப் படம் ஒன்று உதவும். 2018 டிசம்பரில் வெளியான ‘கனா’. அருண்ராஜா காமராஜ் இயக்கியது. சத்யராஜ் நடித்த முருகேசன் ஒரு விவசாயி, கிரிக்கெட் பைத்தியம். இந்தியா தோற்றால் அவர் அழுவதைப் பார்த்து, மகள் கௌசல்யா தானே கிரிக்கெட் ஆட முடிவு செய்கிறாள். ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்த அந்தப் பாத்திரத்துக்கு எதிராக ஊரும் அம்மாவும் நிற்க, அப்பா கூட நிற்கிறார்.

இங்கேயும் கனவின் விதை அப்பாவிடம்தான். ஆனால் ‘ஆடணும்’ என்று முதலில் சொன்னது மகள். முருகேசனைப் பற்றி யாரும் இப்படி இரண்டாகப் பிரிந்து சண்டை போடவில்லை. வித்தியாசம் கண்டிப்பில் இல்லை, உழைப்பில் இல்லை. முதல் வார்த்தை யாருடையது என்பதில் இருக்கிறது.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கீதா மாதிரி ஒரு சிறுமி, மல்யுத்தம் என்ற ஒன்றைப் பெண் செய்ய முடியும் என்றே தெரியாத ஊரில், ‘எனக்கு அது வேணும்’ என்று கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. சில கதவுகளை முதலில் யாராவது ஒருவர் உடைக்க வேண்டியிருக்கிறது. மகாவீரின் முதல் வருஷத்துக்கு இந்த நியாயம் பொருந்தும். எல்லா வருஷத்துக்கும் பொருந்தாது.

நம் பார்வை: கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

மகாவீர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் இந்த விவாதம் முடியாது. இரண்டு கேள்விகள் கேட்டால் கொஞ்சம் தெளிவு வரும்.

ஒன்று: அந்த அப்பா ஊரை எதிர்த்தாரா, ஊரோடு சேர்ந்து போனாரா?

‘தங்கல்’ அப்பா ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்பதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் சிரித்தது, அவர் மகள்களோடு நின்றார். ஊர் மூடிவைத்த கதவை உடைத்தார். நம் வீடுகளில் இந்தப் படத்தை உதாரணம் காட்டும் பல பெற்றோர் செய்வது இதற்கு நேர் எதிர். மேத்ஸ் பிடித்த பெண்ணை நீட் கோச்சிங்கில் சேர்ப்பது, வரைய ஆசைப்படும் பையனைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளுவது, எல்லாம் அந்த நாலு பேருக்காகத்தான். ஏற்கெனவே கூட்டம் முட்டிமோதும் வாசலில் பிள்ளையையும் பிடித்துத் தள்ளிவிட்டு, ‘நானும் மகாவீர்தான்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த விடிகாலை ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊரை எதிர்த்த தைரியத்தை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு: பிள்ளை வளர்ந்து ‘வேண்டாம்’ என்று சொன்னபோது, அந்த வார்த்தைக்கு மதிப்பு இருந்ததா?

படத்து மகாவீர் தடுமாறும் இடம் இது. அதைவிட, படம் தடுமாறும் இடம் இது. மகள் தன் வழியில் போய் அதிலும் ஜெயித்திருந்தால் அப்பா என்ன செய்திருப்பார்? அதைப் பார்க்கப் படத்துக்குத் தைரியம் இல்லை. அவளைத் தோற்கடித்து, கேள்வியையே இல்லாமல் செய்துவிட்டது.

நிஜ வாழ்க்கை அந்தக் கேள்வியை விட்டுவைக்கவில்லை. மகாவீரின் தம்பி மகள் வினேஷ் போகாட். சின்ன வயதில் தந்தையை இழந்தவர். பெரியப்பாவின் களத்தில் வளர்ந்தவர். 2018 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்தப் பெண். 2023-ல் மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் எழுப்பி, டெல்லி ஜந்தர் மந்தரில் சக வீரர்களோடு தெருவில் உட்கார்ந்தார். அவர் அதை மறுத்தார், போராட்டம் தொடர்ந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபைனல் வரை போய், 50 கிலோவுக்கு 100 கிராம் கூடிவிட்டது என்று தகுதிநீக்கம் ஆனார். மறுநாளே ஓய்வு அறிவித்தார். அடுத்த மாதம் காங்கிரஸில் சேர்ந்தார்.

அரசியல் இப்போது வேண்டாம், 2028 ஒலிம்பிக் வரை ஆடியிருக்கலாம் என்று மகாவீர் வெளிப்படையாகவே சொன்னார். வினேஷ் கேட்கவில்லை. ஜுலானா தொகுதியில் நின்று எம்.எல்.ஏ. ஆனார். அந்த முடிவு சரியா தப்பா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் அது அவருடைய முடிவு. களத்தில் ஒருவரை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுத்தால், அந்தப் பெண் ஒருநாள் பெரியப்பாவின் சொல்லையும் எதிர்த்து நிற்பாள். கற்றுக்கொடுத்தது நன்றாக ஏறியிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அதனால் அடுத்த முறை அந்த கிளிப் குரூப்பில் வந்தால், ‘டார்ச்சர்’ என்று ஒரே வார்த்தையில் முடிக்கவும் வேண்டாம், இதய எமோஜி போட்டுக் கடக்கவும் வேண்டாம். பலாலியில் ஊரை எதிர்த்த அந்த அப்பாவுக்குரிய மரியாதையைக் கொடுக்கலாம். கூடவே, மகள் மண்ணில் தன்னை வீழ்த்திய பிறகு அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று மாமாவிடம் கேட்கலாம். அவர் பதில் சொன்னால், படத்தைப் பற்றி மட்டுமல்ல, உங்கள் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் பேச முடியும்.